பூஜ்யக் கூட்டுத்தொகை வண்ணமிடலில் நிறங்களுக்குப் பதிலாகக் குலத்தின் உறுப்புகள் எதற்கு?

பூஜ்யக் கூட்டுத்தொகை வண்ணமிடலில், அதாவது பொருள்களுக்கு இட்ட குறிகளின் கூட்டுத்தொகை பூஜ்யமாகும் அமைப்பைத் தேடுவதில், வெறும் நிறங்களே போதுமே, முடிவுறு பரிமாற்றுக் குலத்தை (கூட்டும் வரிசை மாறினாலும் விடை மாறாத கூட்டலும், பூஜ்யமும், ஒவ்வோர் உறுப்புக்கும் எதிருறுப்பும் உள்ள முடிவுறு கணத்தை) ஏன் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் முதுகலை மாணவர்களுக்கு எண்ணியல் நடத்தும் நான், இதை ஆத்தங்குடிக் கற்களைக் கொண்டே தொடங்குவது வழக்கம்.

சிவப்பு, பச்சை, கறுப்பு எனக் கற்கள் கலந்து கிடக்கின்றன. ஒரே நிறத்தில் மூன்று கிடைப்பது உறுதியாக வேண்டுமென்றால் 7 கற்களை எடுக்க வேண்டும். 6 எடுத்தால் நிறத்துக்கு இரண்டாக அமைந்துவிடலாம். இப்போது நிறங்களுக்கு 0, 1, 2 என எண்ணிட்டு, மூன்று கற்களின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபட்டால் போதும் என்று நிபந்தனையைத் தளர்த்துங்கள். 3ஆல் வகுத்த மீதிகளை மட்டும் பார்க்கும் மட்டு 3 எண்களின் குலத்தில் இதுவே பூஜ்யக் கூட்டுத்தொகை. மூன்றும் ஒரே நிறமாகவோ மூன்றும் வெவ்வேறு நிறமாகவோ இருந்தால் மட்டுமே அவ்வாறு வகுபடும். 5 கற்களில் மூன்று நிறங்களும் இருந்தால் நிறத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். இல்லையெனில் ஏதேனும் ஒரு நிறம் மூன்று முறையாவது வந்தே தீரும். ஆகவே 5 போதும்.

எந்த 2ந−1 முழு எண்களிலும், கூட்டுத்தொகை ந-ஆல் வகுபடும்படி சரியாக ந எண்கள் இருக்கும் என்று எர்டோஷ், கின்ஸ்பர்க், ஸிவ் மூவரும் 1961இல் நிறுவினர். எண்கள் யாவும் 0 அல்லது 1 என்றால், வகுபடும் ந எண்கள் அனைத்தும் 0 ஆகவோ அனைத்தும் 1 ஆகவோதான் இருக்க முடியும் என்பதால், இரு நிறங்களுக்கான புறாக்கூண்டுக் கொள்கை (2ந−1 பொருள்களுக்கு இரு நிறங்கள் இட்டால் ஒரே நிறத்தில் ந பொருள்கள் கிடைக்கும் என்பது) இத்தேற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நிறங்கள் இரண்டிலிருந்து ந ஆகப் பெருகிய பின்னும் 2ந−1 என்ற எண்ணிக்கை சற்றும் ஏறவில்லை. இத்துறையின் அழகு முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட கோட்டுருக்களிலும் இதுவே நிகழ்கிறது. ந+1 முனைகள் கொண்ட முழுமைக் கோட்டுருவின் (எந்த இரு முனைகளுக்கும் இடையே விளிம்பு உள்ளதன்) விளிம்புகளுக்கு இரு நிறங்கள் இட்டால், எல்லா முனைகளையும் இணைக்கும் ஒருநிற மரம் (சுற்று இல்லாத இணைப்பு) கட்டாயம் கிடைக்கும். நிறங்களுக்குப் பதிலாக மட்டு ந எண்களை இட்டாலும், விளிம்பு எண்களின் கூட்டுத்தொகை பூஜ்யமாகும் அத்தகைய மரம் கிடைக்கும் என்று பியாலோஸ்டோக்கியும் டியர்க்கரும் ஊகித்தனர். ஃபுரெடியும் கிளைட்மனும் அதை நிறுவினர்.

குலத்தின் அளவு மட்டுமன்றி அதன் அமைப்பும் முக்கியம். குறைந்தது எத்தனை உறுப்புகளை எடுத்தால் அவற்றுள் சில கூடிப் பூஜ்யமாவது உறுதியோ, அதுவே டேவன்போர்ட் மாறிலி. ஒன்பது உறுப்புகள் கொண்ட சுழற்குலத்தில், அதாவது மட்டு 9 எண்களில், 1ஐ எட்டு முறை எடுத்தாலும் பூஜ்யம் வராது. அங்கே மாறிலி 9. மட்டு 3 எண்களின் சோடிகளால் ஆன குலத்திலும் ஒன்பது உறுப்புகளே இருக்கின்றன, ஆயினும் (1,0), (0,1) இரண்டையும் இருமுறை எடுத்தபின் ஐந்தாவதாக எதைச் சேர்த்தாலும் பூஜ்யம் வந்துவிடும்; ஆல்சன் 1969இல் நிறுவிய வாய்பாடு அங்கே 5 என்றே தருகிறது.