சம்பளம், சொக்சோ, வளர்ச்சி: பினாங்கிலிருந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநில மின்னியல் தொழிற்சாலைகளில் 30 ஆண்டுக்கு மேல் மனிதவளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை, சம்பளம், அரசாங்க உதவி, நாட்டின் வளர்ச்சி, எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கிறது. அவசரமானதை முதலில் எடுக்கிறேன்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): அக்கா, ஒன்பது வருடமாக டெக்னீஷியன், சம்பளம் 2,800 ரிங்கிட். இப்போது ஆள் குறைக்கிறார்கள். "நீயே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடு, உன் ரெக்கார்டுக்கு நல்லது, ஒரு மாதச் சம்பளம் கையில் தருகிறோம்" என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பதில்: போடாதீர்கள் தம்பி. அந்த ஒரு கையெழுத்தில் என்னவெல்லாம் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குகிறவரை ஆட்குறைப்பில் நிறுத்தினால், ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் கொடுத்தாக வேண்டும், இது 1980ஆம் ஆண்டு விதிமுறை. உங்களுக்கு ஒன்பது ஆண்டு, ஆகவே 180 நாள், ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம். அதோடு எட்டு வார நோட்டீஸ். நீங்களே விலகியதாக எழுதிக் கொடுத்தால் இரண்டும் இல்லை.

இன்னொன்றும் போகும். உங்கள் பேஸ்லிப்பில் ஒவ்வொரு மாதமும் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பக்கத்தில் ஒரு சின்னத் தொகை பிடிப்பார்கள், அதுதான் 2018இல் தொடங்கிய வேலை காப்புறுதி. வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும் (அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு), அப்புறம் படிப்படியாகக் குறைந்து அதிகபட்சம் ஆறு மாதம் வரை வரும். ஆனால் தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் விண்ணப்பிக்க வேண்டும். நீக்கியதே நியாயமில்லை என்று நினைத்தால் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் செய்யவும் அதே 60 நாள்தான். இரண்டையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த ஓர் இடத்தில் இப்படிக் கடிதம் வாங்கும் வேலையை எனக்கும் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தடுமாறிய ஒரு லைன் ஆபரேட்டர் அம்மா, "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று என்னையே கேட்டார். அன்றைக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது, அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கேட்டால், "ஆட்குறைப்புக் கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி (குளுகோர், பல்கலைக்கழக மாணவர்): பொருளாதாரம் வருடா வருடம் 4, 5 விழுக்காடு வளர்கிறது என்கிறார்கள். 2024இல் 5.1. பினாங்கில் முதலீடு கொட்டுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் அப்பா சம்பளம் அப்படியே இருக்கிறதே, ஏன்?

பதில்: இதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த வியாபாரம் படுத்தது, வேலையில்லாதவர்கள் 15 விழுக்காட்டை ஒட்டி இருந்தார்கள். அந்த ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் யூ, ஏற்றுமதிக்கு உற்பத்தி செய்கிற வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப்போய் அழைத்து வந்தார். 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வணிக வலயம், இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று எட்டு நிறுவனங்கள். எங்கள் ஊரில் அவற்றை இன்றும் 'எட்டு சாமுராய்' என்பார்கள். ரப்பர் தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் (கிராமம்) பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள், என் அம்மாவும் அதில் ஒருவர். பால் மரத்தை விட்டு மைக்ரோஸ்கோப்புக்கு வந்தவர். அவர் கையில் சொந்தமாகச் சம்பளக் கவர் வந்ததால்தான் நான் படித்தேன். ஆகவே வளர்ச்சி ஏழைக்கு எதுவும் தராது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அந்த நிறுவனங்கள் எதற்காக வந்தன? மலிவான, ஒழுங்கான, சங்கம் இல்லாத கைகளுக்காக. மின்னியல் தொழிலாளர்களுக்குச் சங்கம் வைக்கவே 1988இல்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும். நிறுவனங்களைத் தாண்டி வட்டார அளவில் சங்கம் அமைக்க மேலும் இருபது ஆண்டு ஆனது. தென் கொரியாவில் 1987இல் தொழிலாளர் எழுச்சிக்குப் பிறகு சம்பளம் வேகமாக ஏறியது, நிறுவனங்களும் வேறு வழியில்லாமல் விலை கூடிய பொருளுக்கு மாறின. தைவான் தன் ஆய்வுக்கூடத்திலிருந்தே சிப் நிறுவனங்களை உருவாக்கியது. நாம் சிப்பைப் பொருத்திச் சோதித்து அனுப்பும் கட்டத்தில் கெட்டிக்காரர்களாகி (உலகில் அந்த வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது) அங்கேயே வெகுகாலம் நின்றுவிட்டோம். சம்பளத்தை ஏற்ற வேண்டிய நேரத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தோம். குறை அவர்கள்மேல் இல்லை. நம்மைவிட மோசமாகச் சுரண்டப்படுகிறவர்கள் அவர்கள்தான். மலிவான ஆள் தாராளமாகக் கிடைத்தால் முதலாளி இயந்திரம் வாங்க மாட்டார், இருக்கிறவருக்குப் பயிற்சியும் கொடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

விளைவு, நாட்டில் உற்பத்தியாகும் மொத்த மதிப்பில் சம்பளமாகத் தொழிலாளி கைக்குப் போவது மூன்றில் ஒரு பங்குதான். அதை 45 விழுக்காடாக்குவது அரசாங்கத்தின் இலக்கு. அப்பாவின் சம்பளம் ஏறாததற்கு அவர் உழைப்பில் குறை தேடாதீர்கள். கேக் பெரிதாகிறது, அதைப் பங்கு போடும் இடத்தில் அவருக்காகப் பேச ஆள் இல்லை.

கேள்வி (லெபோ பாசார், சாப்பாட்டுக் கடை): குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகிவிட்டது. ஆறு பேர் வைத்திருக்கிறேன். சின்னக் கடைக்காரன் எங்கே போவது?

பதில்: உங்கள் கஷ்டம் உண்மைதான் அண்ணா, வாடகையும் சாமான் விலையும் ஏறிய நேரத்தில் இது வந்தது. ஆனால் 2013இல் முதன்முதலாகத் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் என்று வைத்தபோதும் கடைகளெல்லாம் மூடிவிடும், வேலை போய்விடும் என்றுதான் பேச்சு. அது 1,000, 1,100, 1,200, 1,500 என்று ஏறி 2025இல் 1,700 ஆயிற்று. நடுவில் தொற்றுக்காலத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் 3 விழுக்காட்டுப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. உங்கள் ஆறு பேரும் மாதக் கடைசியில் அந்தப் பணத்தை எங்கே செலவழிக்கிறார்கள்? பக்கத்துத் தெருவில். ஒரு விஷயம் கவனம்: 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். அலவன்ஸைச் சேர்த்துக் கணக்குக் காட்டினால் தொழிலாளர் இலாகா வந்து கேட்கும்.

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): அரசாங்கம் ஆளாளுக்குப் பணம் கொடுத்தால் யாரம்மா வேலைக்குப் போவார்கள்? நாங்கள் அந்தக் காலத்தில் யாரிடமும் கை நீட்டவில்லை.

பதில்: ஐயா, உங்கள் உழைப்புக்கு மரியாதை. ஆனால் தொகையைப் பாருங்கள். 2025 ஆகஸ்டு கடைசியில் பெரியவர்கள் எல்லாருக்கும் அடையாள அட்டையில் 100 ரிங்கிட் போட்டார்கள். அதை வைத்துக்கொண்டு யார் வீட்டில் உட்கார முடியும்? நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் ஆறு வளரும் நாடுகளின் பண உதவித் திட்டங்களை ஆராய்ந்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிரேசில் 2003இல் தொடங்கிய குடும்ப உதவித் திட்டத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ்நாட்டையே எடுங்கள், காமராஜர் காலத்திலிருந்து பள்ளியில் சாப்பாடு போட்ட மாநிலம் அது. இன்று இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் அங்கேதான் இருக்கிறார்கள். சாப்பாடு போட்டதால் அந்த ஊர் சோம்பேறியாகவில்லை.

நான் நேர்காணல் செய்த காலத்தில் வேலை வேண்டாம் என்று திரும்பிப் போன பெண்கள் நிறையப் பேர். காரணம் கேட்டால் ஒரே பதில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நல்ல பிள்ளைக் காப்பகம் இருந்தால் அவர்கள் அத்தனை பேரும் உள்ளே வந்திருப்பார்கள்.

கேள்வி (சிரம்பான், இப்போது கோலாலம்பூரில் உணவு டெலிவரி): எங்களுக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இல்லை, சொக்சோ இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் உண்டு, நீங்களாகப் பதிய வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுயதொழில் செய்பவருக்கும் சொக்சோ இருக்கிறது, சாலையில் விழுந்தால் அதுதான் கை கொடுக்கும், இன்றைக்கே பதியுங்கள். சேமநிதியில் ஐ-சாரான் என்று கேளுங்கள். நீங்கள் போடுவதற்கு மேல் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை அரசாங்கம் சேர்க்கும். 2025 ஆகஸ்டில் உங்களைப் போல ஆப் வழி வேலை செய்பவர்களுக்கான கிக் தொழிலாளர் மசோதாவும் மக்களவையில் நிறைவேறியது. வீட்டில் மனைவி வேலைக்குப் போகாதவர் என்றால் ஆண்டுக்கு 120 ரிங்கிட்டில் இல்லத்தரசி சொக்சோவும் இருக்கிறது, வயது 55ஐ எட்டாதிருக்க வேண்டும்.

கேள்வி (நிபோங் திபால்): மகள் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டாள். தொழிற்சாலையில் ஓவர்டைமோடு 2,500 வரும் என்கிறார்கள், இவளோ மின்னியல் டிப்ளோமா படிக்கிறேன் என்கிறாள். வீட்டில் பணம் தேவை.

பதில்: படிக்க விடுங்கள் தங்கச்சி. அந்த 2,500இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தூக்கத்தை விற்று வருகிற காசு. லைனில் பத்து வருடம் நின்றாலும் அடிப்படைச் சம்பளம் பெரிதாக ஏறாது. புதிய இயந்திரம் வரும்போது முதலில் போவதும் அந்த இடம்தான். டிப்ளோமாக்காரி அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவள். போலிடெக்னிக்கில் கட்டணம் குறைவு. அரசாங்கத் தொழில்திறன் கழகங்களும் இருக்கின்றன. 1989இலிருந்து பாயான் லெப்பாஸில் இயங்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் என்ன வகுப்பு, என்ன உதவித்தொகை என்று நேரில் போய்க் கேளுங்கள், போனில் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். பணம் ரொம்ப முட்டினால் விடுமுறையில் மட்டும் தொழிற்சாலைக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.