பெஞ்சுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ்: எதை வாங்கலாம்?

கேள்வி: சிக்னல் ஜெனரேட்டரில் 435 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் ஃப்ரீக்வென்சி கவுண்டர் 600 ஹெர்ட்ஸ் கூட்டிக் காட்டுகிறது. இரண்டுக்கும் பின்பக்கம் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் (கருவி தன் ஃப்ரீக்வென்சிக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் சிக்னல்) இன்புட் உண்டு. பழைய ஓ.சி.எக்ஸ்.ஓ. (சூடு மாறாத சிறு ஓவனுக்குள் வைத்த கிரிஸ்டல் ஆசிலேட்டர்), ரூபிடியம் (ரூபிடியம் அணுக்களை வைத்து ஃப்ரீக்வென்சியை நிலைநிறுத்தும் ஆசிலேட்டர்), ஜி.பி.எஸ்.டி.ஓ. (ஜி.பி.எஸ். சிக்னலை வைத்துத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆசிலேட்டர்) மூன்றில் எதை வாங்கலாம்?

பதில்: அந்த 600 ஹெர்ட்ஸ் சுமார் 1.4 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1.4 பங்கு). உள்ளே டி.சி.எக்ஸ்.ஓ. (வெப்பநிலை மாற்றத்தை ஈடுகட்டும், ஓவன் இல்லாத கிரிஸ்டல் ஆசிலேட்டர்) வைத்த கருவிகளுக்கு இது சகஜம்தான், எதுவும் பழுதில்லை. ஒரே ரெஃபரன்ஸை இரண்டுக்கும் கொடுத்தால் வித்தியாசம் மறைந்துவிடும். ஆனால் அந்த ரெஃபரன்ஸே விலகியிருந்தால் இரண்டும் ஒன்றாக விலகும், பார்த்தால் தெரியவே தெரியாது. அதனால் ஓ.சி.எக்ஸ்.ஓ.வோடு, அதைச் சரிபார்க்க 1 பி.பி.எஸ். (வினாடிக்கு ஒரு பல்ஸ்) தரும் ஜி.பி.எஸ். மாட்யூல் ஒன்றும் வாங்குங்கள்.

பழைய ரூபிடியம் வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் ரூபிடியம் விளக்கில் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. நல்ல ஹீட்சிங்கும் கேட்கும். ஜி.பி.எஸ்.டி.ஓ. நல்லதுதான், வானம் திறந்து தெரியும் இடத்தில் ஆன்டெனாவை நிரந்தரமாக வைக்க வசதி இருந்தால்.

ஓ.சி.எக்ஸ்.ஓ.வில் சைன் அவுட்புட், ட்யூனிங் பின் (வோல்டேஜ் கொடுத்து ஃப்ரீக்வென்சியைச் சற்று நகர்த்தும் பின்) இரண்டும் இருக்கட்டும். 5 வோல்ட் வகையும் 12 வோல்ட் வகையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பார்ட் நம்பரைச் சரிபார்க்காமல் சப்ளை கொடுத்தால் போச்சு. வந்ததும் சப்ளையின் ஆம்பியரைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் நிறைய இழுத்து, சில நிமிடங்களில் நன்றாகக் குறைய வேண்டும். குறையவே இல்லையென்றால் ஓவனின் வெப்பக் கட்டுப்பாடு கெட்டிருக்கிறது; தொடக்கத்திலேயே இழுக்கவில்லையென்றால் ஹீட்டர் போயிருக்கிறது.

ஒரு நாள் ஓடவிட்டபின் ஸ்கோப்பை 1 பி.பி.எஸ்.-இல் ட்ரிகர் செய்து 10 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பாருங்கள். அலை ஒரு சுற்று, அதாவது 100 நானோ வினாடி, நகர 100 வினாடி ஆனால் பிழை 0.01 ஹெர்ட்ஸ். பி.பி.எஸ்.ஸே சில பத்து நானோ வினாடி ஆடும் என்பதால், ஒரு சுற்றுக்கு 1000 வினாடி ஆகும்வரை ட்யூனிங் பின்னுக்கு வோல்டேஜ் கொடுக்கும் மல்டிடர்ன் ட்ரிம்மரைப் (பல சுற்று திருப்பக்கூடிய சிறு மாற்று ரெசிஸ்டர்) பொறுமையாகத் திருப்புங்கள். ட்ரிம்மருக்கு வோல்டேஜை ஓ.சி.எக்ஸ்.ஓ.வில் ரெஃபரன்ஸ் வோல்டேஜ் தரும் பின் இருந்தால் அதிலிருந்தே எடுங்கள். ட்ரிம்மர் ஓரத்துக்குப் போயும் 10 மெகாஹெர்ட்ஸ் எட்டவில்லையா? கிரிஸ்டல் வயதாகிவிட்டது, திருப்பி அனுப்புங்கள்.

லீனியர் சப்ளையே வையுங்கள், அணைக்காதீர்கள்: அணைத்துப் போட்டால் பழைய ஃப்ரீக்வென்சிக்கு அப்படியே திரும்பாது. இரண்டு கருவிக்கும் டீ கனெக்டரில் பிரிக்காமல், தனித்தனி 50 ஓம் அவுட்புட் தரும் பஃபர் வழியாகக் கொடுங்கள்.