4 ஜீபி றாமில் 6 ஜீபி கோப்பை எம்மேப் பண்ண விடுது, எப்பிடி?

இதைக் கேட்டவர் கம்பஸில் ஓஎஸ் (இயங்குதளம்) பாடம் செய்யிற ஆள் எண்டு நினைக்கிறன். 64 பிட் லினக்ஸ் எண்டே வைச்சுச் சொல்லுறன். எம்மேப் (mmap) எண்டது கோப்பொண்டை நினைவக முகவரிகளோட இணைச்சு, நினைவகம் மாதிரியே வாசிக்க எழுத விடுற அழைப்பு.

கோப்பு இன்னும் டிஸ்கிலதான் கிடக்கு. எம்மேப் கூப்பிட்டவுடன கேர்னல் (ஓஎஸின்ர மையப் பகுதி) உங்கட புரோசஸின்ர, அதாவது ஓடுற புரோகிராமின்ர, முகவரிப் பரப்பில் 6 ஜீபிக்கு இடம் குறிச்சு வைக்கும், அவ்வளவுதான். நீங்கள் ஒரு முகவரியைத் தொடேக்கைதான் பேஜ் ஃபோல்ட் வரும், அதாவது அந்த முகவரிக்கு றாமில இன்னும் ஒண்டும் இணைக்கேல்லை எண்டு கேர்னலிட்டப் போகும். நினைவகத்தைப் பக்கம் பக்கமாத்தான் கையாளும், ஒரு பக்கம் வழக்கமா 4096 பைட். அந்தப் பக்கம் பேஜ் காஷில் (கோப்புப் பக்கங்களைக் கேர்னல் றாமில வைச்சிருக்கிற இடம்) இருந்தால் பேஜ் டேபிளில் (எந்த முகவரி றாமில எங்க எண்ட அட்டவணை) இணைச்சு விடும். இது மைனர் ஃபோல்ட். இல்லாட்டி டிஸ்கில இருந்து எடுக்கும், அது மேஜர். றாம் இறுகினால் மாற்றம் இல்லாத பக்கங்களை அப்பிடியே கைவிடும், கோப்பில இருக்குத்தானே. டாப் (top) கட்டளையை ஓட்டிப் பாருங்கோ: விர்ட் (VIRT, குறிச்சு வைச்ச முகவரிப் பரப்பு) 6 ஜீபி தாண்டி நிக்கும், ரெஸ் (RES, உண்மையா றாமில இருக்கிற அளவு) தொட்ட பக்கங்களுக்கும் அக்கம்பக்கத்துச் சிலதுக்கும்தான் ஏறும்.

'ரீட்தான் கெதி' எண்டு ஆராவது வருவினம், ரீட் (read) எண்டது கோப்பை உங்கட நினைவகத்துக்குப் பிரதி எடுத்து வாசிக்கிற வழமையான அழைப்பு. முன்னிருந்து பின்வரை ஒருக்கா வாசிக்கிறதுக்கு அது சரியாக இருக்கலாம். அங்கையிங்கை பாய்ஞ்சு திரும்பத் திரும்பத் தொடுற வேலைக்குத்தான் எம்மேப். நோட்ஸுகளில 'எம்மேப் வேகமானது' எண்டு ஒரு வரி எழுதிக் குடுத்து, பிள்ளையள் அதைப் பாடமாக்கிச் சோதினையில எழுதுறது எனக்குச் சரியான கவலை. ஏன் வேகம், எப்ப இல்லை எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.

பிழைக்கிற இடங்கள்தான் முக்கியம். ஓஃப்செட் (கோப்பில எங்க இருந்து தொடங்கிறது எண்ட இடம்) பக்க அளவின்ர மடங்கா இருக்கவேணும். எம்மேப் தோல்வியெண்டால் பூச்சியம் வராது, -1 வரும். பூச்சியத்தோட ஒப்பிட்டால் பிழை தெரியாமலே போகும். 5000 பைட் கோப்பு ரெண்டு பக்கம் பிடிக்கும். கடைசி 3192 பைட்டும் பூச்சியம். அதுக்குள்ள எழுதினால் புரோகிராம் கத்தாது, ஆனால் கோப்பில சேராது. புதுசா உருவாக்கின வெறும் கோப்பை எஃப்ட்ரன்கேட்டால (ftruncate, கோப்பின்ர நீளத்தை மாத்திற அழைப்பு) நீட்டாமல் தொட்டால் சிக்பஸ் (SIGBUS, புரோகிராமை நிப்பாட்டிற சிக்னல்) வந்து விழும். ஓடிக்கொண்டிருக்கேக்க வேறொரு புரோகிராம் கோப்பை வெட்டிச் சுருக்கினாலும் அதேதான்.

எம்மேப்புக்குக் குடுக்கிற தெரிவுகளில மேப்_பிரைவேட்டில (MAP_PRIVATE) எழுதினது கோப்புக்குப் போகவே போகாது, எழுதின பக்கத்துக்குத் தனிப் பிரதி எடுக்கும். மேப்_ஷேர்டில (MAP_SHARED) எழுதினது முதல் பேஜ் காஷில நிக்கும். புரோகிராம் செத்தாலும் அது தப்பும், கரண்ட் நிண்டால் தப்பாது. கேர்னல் தானா டிஸ்குக்கு அனுப்ப வழக்கமா 30 செக்கன் அளவு பிந்தும். பற்றரி செத்த லப்டொப்பிலயோ யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பிலயோ யாழ்ப்பாணத்தில இருந்து வேலை செய்யிறியள் எண்டால், முக்கியமான ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் எம்சிங்கை (msync, மாற்றங்களை டிஸ்குக்கு அனுப்பிற அழைப்பு) எம்எஸ்_சிங்கோட (MS_SYNC, எழுதி முடியும்வரை காத்திருக்கச் சொல்லுற தெரிவு) கூப்பிடுங்கோ. திரும்பி வாற பெறுமதியையும் பாருங்கோ, டிஸ்கில எழுதேக்க வந்த பிழை அங்கதான் தெரியும்.