இளைஞர்களின் கருத்தைக் கேட்க அரசு அமைக்கும் இளைஞர் மன்றத்தில் சேர்ந்தால் உண்மையிலேயே ஏதாவது நடக்குமா, இல்லை வெறும் கண்துடைப்பா?

இரண்டு வருடம் உறுப்பினராக இருந்திருக்கிறேன். நடக்கும், ஆனால் எல்லா மன்றத்திலும் நடக்காது. சேர்வதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அதிகாரிகள் முடிவெடுக்கும் முன் உங்கள் கருத்தைக் கேட்பார்களா, எடுத்த பிறகு காட்டுவார்களா?

எங்கள் முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். முதல் இருபது நிமிடம் போட்டோ எடுப்பதிலேயே போனது. அப்புறம் நூலக நேரத்தைக் குறைக்கும் திட்டத்தை "உங்கள் கருத்துக்காக" என்று கையில் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது, ஒரு வாரத்துக்கு முந்தைய தேதியோடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எதுவும் பேசாமல் அந்தத் தேதிமேல் விரலை வைத்துக் காட்டினாள்.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபுக்காக எழுதியபோது, முடிவுகளில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய அடி மூன்று படிகளையும் பங்கேற்பு என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் அன்றைக்கு அங்கேதான் நின்றோம்.

மாற்றம் வந்தது மன்றத்தின் விதிமுறைகளை வரிவரியாகப் படித்த பிறகுதான். கூட்டத்தில் எதைப் பேசலாம் என்று முன்மொழியும் உரிமை எங்களுக்கும் இருந்தது, யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதை வைத்து இரண்டு விஷயம் கேட்டு வாங்கினோம்: ஆவணங்கள் இரண்டு வாரம் முன்பே கைக்கு வர வேண்டும், எங்கள் பரிந்துரை ஒவ்வொன்றுக்கும், மறுப்பதாக இருந்தாலும், காரணத்தோடு எழுத்தில் பதில் வர வேண்டும். அடுத்து கடைசி பஸ் பிரச்சினையை எடுத்தோம். மாலை வகுப்பு முடிவதற்கு பத்து நிமிடம் முன்னாலேயே அது கிளம்பிவிடும். "பஸ் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், மூன்று வாரம் முறைவைத்து நிறுத்தத்தில் நின்று, எத்தனை பேர் நடந்தே போகிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணினோம். அந்த நோட்டை மேசையில் வைத்த பிறகு பேச்சின் தொனியே மாறியது. பஸ் இருபது நிமிடம் தள்ளிப்போனது.

எங்கள் பேச்சைக் கேட்டது அதிகாரிகள் காட்டிய தயவு இல்லை. 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் தருகிறது; வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆஸ்திரியா 2007-லேயே வாக்குரிமை வயதைப் பதினாறாகக் குறைத்துவிட்டது. பின்லாந்தின் 2015 உள்ளாட்சிச் சட்டப்படி நகராட்சிகளில் இளைஞர் மன்றமோ அது போன்ற குழுவோ இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலான நாடுகளில் பதினெட்டு வயது ஆகும்வரை ஓட்டு இல்லை, அந்த வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசின் காதில் விழும்படி பேசக் கிடைக்கிற சில வழிகளில் இந்த மன்றமும் ஒன்று.

ஒரு குறை மட்டும் கடைசிவரை தீரவில்லை. எங்களில் பெரும்பாலோர் நன்றாகப் பேசத் தெரிந்த மாணவர்கள். வேலைக்குப் போகிற இளைஞர்கள் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் கூட்டம் வேலை நாளில் பகல் மூன்று மணிக்கு. கூட்ட நேரத்தை மாற்றச் சொல்லி நாங்கள் முதல் மாதமே கேட்டிருக்க வேண்டும்.

அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் முன் போன வருடத்துக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பரிந்துரைகளுக்கு நேராகப் பதில்கள் இருந்தால் தைரியமாகச் சேருங்கள். இல்லாவிட்டாலும் சேரலாம், ஆனால் முதல் கூட்டத்திலேயே அந்தப் பதில்களைக் கேளுங்கள்.