ரெட்டினா ஆபரேஷன் ஆன கண்ணுல புரை: லென்ஸ் பவர் அளக்கற ஆப்டோமெட்ரிஸ்ட் பதில் சொல்றேன், கேளுங்க

கே: அப்பாவுக்கு 62 வயசு. விட்ரெக்டமி (ரெட்டினா, அதாவது விழித்திரை ஆபரேஷனுக்காக கண்ணுக்குள்ள இருக்கற ஜெல்லை எடுக்கறது) முடிஞ்சு ஒன்றரை வருஷத்துல புரைங்கிறாங்க. டாக்டர் ஏதாவது தப்பு பண்ணிட்டாரா?

ப: பெரும்பாலும் இல்லைங்க. 50 தாண்டினவங்கள்ல நிறைய பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள இது வந்துடும். உள்ள இருந்த ஜெல்தான் லென்ஸ் பக்கம் ஆக்ஸிஜன் அதிகம் சேராம பாத்துக்கிட்டு இருந்துச்சு, அத எடுத்ததும் லென்ஸோட நடுப்பகுதி பழுப்பாகி இறுக ஆரம்பிச்சிடும். ரொம்ப முத்த விடாதீங்க. பின்னாடி தாங்க ஜெல் இல்லாததால ஆபரேஷன்ல தண்ணி விட்டதும் லென்ஸ் சட்டுனு பின்னுக்குப் போகும், சர்ஜனுக்கு முன்னாடியே தெரிஞ்சா தண்ணியோட பிரஷரைக் குறைச்சு வச்சுப்பார். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கண்டிப்பா கையில இருக்கணும்.

கே: சொட்டு மருந்துல கரையுமா?

ப: கரையாது.

கே: ரெட்டினாவைத் தாங்க ஜெல்லுக்குப் பதிலா விட்ட சிலிகான் ஆயில் இன்னும் கண்ணுல இருக்கு. புரை ஆபரேஷன்ல வைக்கற லென்ஸுக்கு பவர் சரியா வருமா?

ப: இது என் வேலைங்க, நல்லா கேட்டீங்க. அல்ட்ராசவுண்ட் ஜெல்ல நொடிக்கு 1532 மீட்டர் போகும், ஆயில்ல சுமார் 980தான். மெஷின்ல அந்த வேகத்தை மாத்தாம அளந்தா கண்ணு ரொம்ப நீளமா காட்டும், பவர் குறைஞ்ச லென்ஸ் உள்ள போயிடும், அப்புறம் பெரிய பிளஸ் கண்ணாடி. ஒளியால அளக்கற மெஷின்ல ஆயில் மோடு போட்டு அளக்கச் சொல்லுங்க. சிலிகான் லென்ஸ் வேண்டாம், ஆயில் ஒட்டிக்கும். அக்ரிலிக் கேளுங்க. பக்கிள் (கழண்ட ரெட்டினாவுக்காக கண்ணுக்கு வெளியில சுத்திப் போடற பட்டை) போட்டவங்களுக்கும் கண்ணு நீண்டிருக்கும், பழைய அளவை வச்சு லென்ஸ் போட வேண்டாம். சம்மரி, சம்மரி!

கே: ரெட்டினா, புரை ஆபரேஷன் ரெண்டையும் ஒண்ணாவே பண்ணிருக்கலாமே, எதுக்கு ரெண்டு தடவை கண்ணைத் தொடணும்?

ப: மாகுலர் ஹோல் (ரெட்டினாவோட மையத்துல ஓட்டை), 60க்கு மேல, ஏற்கனவே லேசா புரைன்னா ஒண்ணா பண்றது நல்ல முடிவு.

கே: அப்போ ரெட்டினா மையம் வரைக்கும் கழண்டிருந்த எங்க அம்மாவுக்கு தனித்தனியா பண்ணது தப்புதானே? நேரா சொல்லுங்க.

ப: அவங்களுக்கு ரெட்டினா மையம் வரைக்கும் கழண்டிருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. கழண்ட மையம் முன்னாடி தள்ளி நிக்கும், நான் அளந்தா நீளம் குறைவா வரும், லென்ஸ் போட்டப்புறம் மைனஸ் பவர்ல நிப்பாங்க. காத்திருந்து அளந்தது அவங்களுக்கு நல்லதுக்குத்தான். வயசு கம்மியா இருந்தாலும் நான் அவசரப்பட மாட்டேன், சொந்த லென்ஸை எடுத்துட்டா கிட்டப் பார்வைய ஃபோகஸ் பண்ற சக்தி போயிடும். இதுல எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாதுங்க.

கே: சொட்டு மருந்து இருக்குன்னு வீடியோ பாத்தேனே?

ப: மேல சொல்லிட்டேன், கரையாது.

கே: மல்டிஃபோகல் லென்ஸ் (தூரம், கிட்ட ரெண்டும் தெரியற மாதிரி) போடலாமா?

ப: மையத்துல பாதிப்பு இருந்தா வேண்டாம். ஓசிடி (ரெட்டினாவோட ஸ்கேன்) எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கே: நேத்துலேர்ந்து மின்னல் மாதிரி தெரியுது, ஓரத்துல திரை விழுந்த மாதிரி இருக்கு.

ப: இங்க கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, இப்பவே ரெட்டினா டாக்டர்கிட்ட கிளம்புங்க.