நிவாரணக் கணக்கு – கடிதம்

வணக்கம் சார். குரூப் 4 எழுதி, கடலோர டெல்டா கிராமம் ஒன்றில் கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறேன். இந்த மழையில் பயிர்ச்சேதக் கணக்கு எடுத்தேன். பட்டியலில் பெயர் வராதவர்கள் வீடு தேடி வந்து சாபம் விடுகிறார்கள். நிவாரணம் என்றதும் எல்லோரும் பேராசைக்காரர்களாகி, சேதத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள். மேலே இருப்பவர்களோ இன்றைக்கே அனுப்பு என்கிறார்கள். குரூப் 1 படித்துப் போய்விடலாமா? மனம் கசக்காமல் இந்த வேலையைச் செய்ய எதைப் படிக்கலாம்?
ம.

அன்புள்ள ம.,

கஜா புயல் அடித்த ஊர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் நேராக அங்கே கொண்டுபோய் விட்டது.

குரூப் 1 எழுதுங்கள், அதில் கேட்க ஒன்றும் இல்லை. மேலதிகாரியின் அவசரம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. ஆனால் ‘பேராசைக்காரர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். ஒரு போகம் போனால் விவசாயி வீட்டில் என்ன நடக்கும் என்று அந்த ஊரிலேயே இருக்கும் உங்களுக்குத் தெரியாதா? 33 சதவீதமாவது பயிர் போயிருந்தால்தான் நிவாரணம் என்பது விதி. முப்பது போனவன் நாற்பது என்றுதான் சொல்வான். நானாக இருந்தாலும் சொல்வேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பேராவூரணிப் பக்கம் என் பெரியம்மாவுக்குத் தென்னந்தோப்பு. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எந்தக் கொண்டை எந்த மரத்துடையது என்றே தெரியவில்லை. கணக்கெடுக்க வந்த அலுவலர் குனிந்து குனிந்து தூரை மட்டும் எண்ணினார். எண்ணிய தூரில் ஒரு சுண்ணாம்புக் கோடு. அப்புறம் நின்றுகொண்டிருந்த மரங்களை அண்ணாந்து பார்த்து, குருத்து திருகிப்போனவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டார். பார்வைக்குப் பச்சையாக இருந்தாலும் அவை பிழைக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. தொகை சிறியதுதான். ஆனால் அந்த மனிதர் எழுதாத மரத்துக்கு அதுவும் கிடையாது.

பட்டா இறந்துபோன பெரியப்பா பெயரிலேயே கிடந்தது. ஆனால் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கில், அனுபவதாரராகப் பெரியம்மா பெயர் இருந்தது. புயலுக்கு முன்பே அந்த அலுவலர் வயலுக்கு நடந்து வந்து கேட்டு எழுதியிருந்தார். அதனால் பணம் வந்தது. பக்கத்து வயலில் குத்தகைக்கு வாழை போட்டிருந்தவருக்கு வரவில்லை. நிலத்துக்காரர் வெளியூர், அடங்கலில் அவர் பெயர்தான். குத்தகைக்காரர் பெயரை எழுத அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. அவ்வளவு நல்ல அலுவலரும் அவரைப் பகைத்துக்கொள்ளவில்லை. வாழை முழுக்கச் சாய்ந்து கிடக்க, பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போனது.

உங்களைச் சபிப்பவர்களில் எத்தனை பேர் இப்படிப்பட்டவர்கள் என்று பார்த்தீர்களா? நிவாரணக் கணக்கு வெள்ளம் வடிந்த பிறகு தொடங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஜூலையில், பசலி என்கிற வருவாய்க் கணக்கு ஆண்டு பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மாதாமாதம் பயிராய்வுக்குப் போய் எந்தப் புல எண்ணில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று பார்த்து எழுதியிருந்தால், வெள்ளத்தன்று பாதிச் சண்டை இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போன வருட அடங்கலை அப்படியே ஏற்றியிருந்தால், அந்தப் பிழை மழை நாளில்தான் வெளியே வரும். நீங்கள் எப்படி எழுதினீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

பரம்பரையாகக் கிராமக் கணக்கு எழுதிவந்த கர்ணம் முறை 1980இல் ஒழிந்தது. தேர்வெழுதி வந்த உங்களுக்கு நிலத்துக்காரர் முகம் பார்த்து எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. குத்தகை பறிபோய்விடும் என்ற பயத்தில் குத்தகைக்காரர்கள் வந்து கேட்கமாட்டார்கள். நீங்கள்தான் போக வேண்டும்.

நீங்கள் சோர்ந்துபோயிருக்கிறீர்கள் அம்மா, தெரிகிறது. சேற்றில் நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து வசவும் வாங்குவது லேசில்லை. ஒரு நாள் நன்றாகத் தூங்குங்கள். பிறகு, சாபம் விட்டவர்கள் வீட்டுக்கு நீங்களே போங்கள். பெயர் ஏன் விடுபட்டது என்று புல எண்ணோடு சொல்லுங்கள். குத்தகையில் இருப்பவர்கள் பெயரை இந்த மாதப் பயிராய்விலேயே எழுத ஆரம்பியுங்கள்.