வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: மலை உயரமும் வைரஸ் காய்ச்சலும்

கேள்வி: ராணுவத்தில் இருக்கும் என் மகனுக்கு லடாக்கில் உள்ள லேயில் போஸ்டிங். லீவில் ஊருக்கு வந்தால் ஒரு வாரத்துக்குள் சளி, ஜுரம் என்று படுத்துவிடுகிறான். மலையிலேயே இருந்து எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லை அம்மா, அப்படிப் பயப்பட வேண்டாம். லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர். அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதைச் சமாளிக்க, செல்களில் எச்.ஐ.எஃப். என்ற புரதம் முடுக்கிவிடப்படுகிறது. செல்கள் ஆக்சிஜன் அளவை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சிவப்பணுக்களைப் பெருக்குவதும் வெள்ளையணுக்களின் போக்கை மாற்றுவதும் இதே புரதம்தான். மேலே போன புதிதில் டி செல்கள் என்ற வெள்ளையணு வகை கொஞ்சம் மந்தமாகும். ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களுக்குப் பெரிய பாதிப்பில்லை, ஆகவே போட்ட தடுப்பூசி வீணாகாது.

ஊருக்கு வந்ததும் ஜுரம் வரக் காரணம் வேறு. நெரிசலான ரயில் பயணம், வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பார்க்க வரும் உறவினர்கள் என்று அவர் உடம்பு பல மாதமாகச் சந்திக்காத கிருமிகள் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டெல்டாவில் அது டெங்கு காலம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு அது. ஆண்களுக்கு அது பொதுவாக 40 முதல் 50. மலையிலிருந்து இறங்கியவருக்கு 50ஐத் தாண்டியிருக்கலாம், பழைய அளவுக்கு வரச் சில வாரம் பிடிக்கும். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறதா என்று டாக்டர் பார்ப்பதும் இந்த எண்ணை வைத்துத்தான். வழக்கமான அளவைவிட 20 சதவீதம் ஏறினால் ஆபத்து. லேயிலிருந்து வந்தவர் என்று தெரியாவிட்டால், அவருக்கு இயல்பான எண்ணையே கசிவு என்று எடுத்துக்கொண்டு தேவையில்லாமல் டிரிப்ஸ் ஏற்றிவிட வாய்ப்புண்டு. அதனால் வந்த மறுநாளே, ஜுரம் இல்லாதபோதே, ஒரு சி.பி.சி. (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) பரிசோதனை எடுத்து வையுங்கள். ஜுரம் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது. முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவைக் கண்டறியும் என்.எஸ்.1 பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: மலை நாடுகளில் கொரோனா குறைவாக இருந்ததாகச் சொன்னார்களே?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: 2020இன் தொடக்கத்தில் திபெத், பொலிவியா கணக்குகளைப் பார்த்து அப்படி ஒரு பேச்சு கிளம்பியது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம், கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே மக்கள் நெருக்கம், போக்குவரத்து, பரிசோதனை எல்லாமே குறைவு. அதே ஆண்டிலேயே பொலிவியாவில் இறப்புகள் குவிந்தன. மலை யாருக்கும் கவசமாகாது.

கேள்வி: அடுத்த வாரம் கேதார்நாத் யாத்திரை. 66 வயது அப்பாவுக்கு நாலு நாளாகச் சளி, லேசான இருமல். கூட்டிப்போகலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தள்ளிப்போடுங்கள். பணம் கட்டியாகிவிட்டது என்பதற்காகக் கிளம்பாதீர்கள். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு ஒரே நாளில் சுமார் 1,600 மீட்டர் ஏற்றம். வைரஸால் வீங்கிய நுரையீரலுக்கு ஆக்சிஜனும் குறைந்தால் அதன் ரத்தக் குழாய்கள் இறுகி, நீர் கோத்துக்கொள்ளும். இங்கே கசாயத்தில் தீரும் சளி அங்கே உயிருக்கு ஆபத்தாவது இப்படித்தான்.

இருமல் முழுக்க நின்ற பிறகு டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகலாம். ஃப்ளூ தடுப்பூசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். மலை உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை 125 மி.கி. காலை, இரவு என்று ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா அலர்ஜி இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் டானிக்கும் மூச்சை மந்தமாக்கும், கொடுக்காதீர்கள்.

ஆக்ஸிமீட்டரைக் குளிர்ந்த விரலில் மாட்டினால் தப்பான எண் வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள். எண் எப்படி இருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், உதடு நீலம் பாரித்தால், நுரை நுரையாகச் சளி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆக்சிஜன் வைத்தபடியே கீழே இறக்கிவிடுங்கள். நடக்க விடாமல் டோலியிலோ குதிரையிலோ.